முன்னால் எவ்வளவு

ஒன்பது நாளாக மழை, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டவில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காது. மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பிரட்டு மணி அடிக்கவில்லை. லயம் என்ற கூலி வரிசை வீடுகளில் சனங்கள் கூரை ஒழுக்கைப் பால் வாளியில் பிடித்துக்கொண்டும், மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டும், பழைய சண்டைகளைத் தூசு தட்டிப் புதிதாகப் போட்டுக்கொண்டும் கிடந்தார்கள். ஜோகூரில் செடெனாக் ஸ்டேஷனிலிருந்து ஏழாவது மைல் கட்டையில் இருந்த அந்தத் தோட்டத்தில், இந்த மழையிலும் தவறாமல் வேலைக்குப் போன ஆள் ஒருவர்தான். கந்தோரில், அதாவது தோட்டத்து ஆபீஸில், கணக்கெழுதும் பெரிய கிராணி சோமசேகரம்.

காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் பூட்டி, குடையை விரித்து, வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் ஓடி ஒளிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது தவளைகள்கூடச் சத்தத்தை நிறுத்துவதில்லை.

அவர் மனைவி செல்லப்பாக்கியம் குசினி ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரம் அந்தச் செருமல் அவளுக்குக் கம்பீரமாகத்தான் பட்டது. பிறகு அதன் விஷயம் தெரிந்துவிட்டது. சொல்ல ஏதாவது இருந்தால் மனிதர் ஒரு முறை செருமுவார். சொல்ல ஒன்றுமில்லையென்றால் இரண்டு முறை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது பெரும்பாலும் இரண்டு முறைதான்.

"பாலே இல்லை. கந்தோரிலை இருந்து என்ன எழுதுறியள்? மழையையோ?" என்று மழையின் இரண்டாம் நாள் கேட்டாள்.

"கந்தோர் வேலை உமக்கு விளங்காது" என்றார். இரண்டு முறை செருமினார்.

விளங்காதுதான். மழைக்குள் நடந்து போய்வருகிற மனிதரின் கோட்டு ஈரம் காயாமல் பூஞ்சணம் நாற வேண்டும். இவருடையது காய்ந்த கோட்டாக, புகை மணத்தோடு வந்தது. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகை. புளிப்பும் தாரும் கலந்த மணம். சவர்க்காரம் போட்டுக் கும்மினாலும் போகாது. கந்தோருக்குப் பக்கத்தில் புகைக்கொட்டாய் கிடையாதே என்று ஒரு முறை நினைத்தாள். பிறகு அடுப்பில் சோறு பொங்கியது, நினைப்பு அதோடு போயிற்று.

அந்த வருஷம் ரப்பர் விலை கிடந்த கிடையில் பால் எடுக்கும் கூலிக்கே கட்டாது என்று துரைமார் பேசிக்கொண்டார்கள். ஆடி மாதத்திலேயே லயத்தில் பாதிப் பேரை நாகப்பட்டினம் கப்பலுக்கு அனுப்பியாயிற்று. அடுத்தது கந்தோர். இரண்டு கிராணியில் ஒருவர் மாத முடிவோடு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "செல்லப்பனைத்தான் நிப்பாட்டுவினம். சின்னப் பெடியன்தானே, வேற இடம் பாப்பான்" என்று சோமசேகரம் சொன்னார். பெருந்தன்மையாக அவனுக்காக இரங்கக்கூட இரங்கினார். வேலை போகிறவருக்கு வேலை மட்டுமல்ல, தோட்டம் கொடுத்த வீடும் போய்விடும்.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் சீட்டாட மேசை போடுவார்கள். ஆட்டத்தின் பெயர் போக்கர், துரைமார் சீட்டாட்டம். சின்னத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, மூடி நெளிந்த ஒரு தகரப் பெட்டியையும் அதற்குள் காசுக்குப் பதில் பந்தயம் வைக்கும் வெள்ளை, சிவப்பு, நீலச் சில்லுகளையும் சோமசேகரத்திடம் விட்டுப் போனார். நீலத்தில் பாதி காணாமற்போயிருந்தது. அந்தப் பெட்டியை அவர் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"நாங்கள் பங்களாவிலை விளையாடேக்கை" என்று ஆரம்பிப்பார். பங்களாவில் அவர் விளையாடியதில்லை. துரைமார் விளையாடும்போது யார் எவ்வளவு தோற்றார் என்று எழுத அவரைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பங்களா ஆயா ராசம்மா இதைச் செல்லப்பாக்கியத்திடம் எப்போதோ சொல்லியிருந்தாள். நின்றுகொண்டே பார்த்ததனால்தானோ என்னவோ, ஆட்டத்தைவிட ஆட்டத்தின் மரியாதைகள் அவருக்கு நன்றாகப் பாடமாகியிருந்தன. அவற்றில் பெரியது, எதிராளியின் சில்லைக் கேட்கும் மரியாதை.

"எதிர்லை இருக்கிறவனிட்டை எவ்வளவு இருக்கெண்டு கேக்கலாம். கேக்கிறது பிழையில்லை. ஆனால் தன்ர முறை வரேக்கை மட்டும் கேக்க வேணும். விரலை நீட்டி எண்ணப்படாது. கேட்டவனுக்கு இவன் கையை எடுத்து, சில்லை மறைக்காமல், உள்ளதைச் சொல்ல வேணும். பொய் சொல்லப்படாது. இன்னொண்டு, கணக்கு எவ்வளவு எண்டு ஒருக்காலும் கேக்கப்படாது. கணக்குக் கேக்கிறது துரை. மேசையிலை கேக்கிறது, 'முன்னால எவ்வளவு?'"

இராத்திரிச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். அவள் சம்பல் போடுவாள்.

"கேக்கிறதுதான் மரியாதை, பாக்கியம். ஒருத்தனிட்டைக் கேக்காமலே விளையாடினால், அவனை ஒரு ஆளா எண்ணேல்லை எண்டு அர்த்தம்."

இவ்வளவு மரியாதையும் எதற்கென்றால், ஒரு சாடின் டின்னுக்கு. காசு வைத்து ஆடக் காசு யாரிடமும் இல்லை. அன்றைக்குத் தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு டின் சாடின் மீன் கொடுக்க வேண்டும். மழை தொடங்கியதிலிருந்து அவளுடைய அலமாரியில் டின்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் டிரசர் சதாசிவத்தின் சட்டைப் பைக்குள் போயின. சதாசிவம் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். தஞ்சாவூர்க்காரர். எந்த நோய்க்கும் மலேரியா மருந்தான கொய்னாவையே தருவார். கொய்னா தீர்ந்துபோனால் நோயாளியின் குடியைப் பற்றி ஒரு பிரசங்கம் தருவார்.

டிரசர் மேசையில் உட்கார்வது பழைய விஷயம். புதிய விஷயம் வீரமுத்து கங்காணி. செல்லப்பாக்கியத்தால் செரிக்க முடியாததும் அதுதான். கூலியாட்களை மேய்க்கும் கங்காணி கிராணி வீட்டுக்கு வந்தால் படிக்குக் கீழே நின்று பேசிவிட்டுப் போவான். அதுதான் முறை. இந்த மழையோடு அவன் நாற்காலிக்கு வந்துவிட்டான். முதல் நாள் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் நுனியில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்து, யாரோ அடிக்கப் போவதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"கங்காணியை ஏன் மேசையிலை வைச்சிருக்கிறியள்?" என்று அன்றிரவு கேட்டாள்.

"ஆள் காணாது. செல்லப்பனும் இப்ப வாறேல்லை. மூண்டு பேர் இல்லாமல் ஆட்டம் இல்லை."

"மாட்டுக்காரனும் ஓய்வாத்தான் இருக்கிறான். அவனையும் கூப்பிடுங்கோ."

இரண்டு செருமல்.

அவள் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தாள். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி. கங்காணிக்கு விளிம்பில் எனாமல் உதிர்ந்த ஒரு குவளை. அதைத் தனியாகக் கழுவி, கிணற்றடியில் ஒரு கம்பில் கவிழ்த்து வைப்பாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நல்லாருக்குங்கம்மா" என்பான். தினமும் அதையே சொல்லுவான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியான ரயிலில் அவள் தம்பி ஏரம்பமூர்த்தி வந்து இறங்கினான். ஜோகூர் பாருவில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவன். அவளுடைய பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் அவன் வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். மாட்டு வண்டியில் முழங்கால்வரை சேற்றோடு வந்து, தலையைத் துவட்டு முன்பே குசினிக்குள் வந்துவிட்டான்.

"அக்கா, உங்களுக்கு வாடகைக்குப் பாத்த தெப்ராவ் ரோட்டு வீடு இன்னும் இருக்கு. ரெண்டு அறை, கிணறு, சிமெந்துத் தரை. வீட்டுக்காரச் சீனத் தவுக்கே ஒரு மாசமா எனக்காக வைச்சிருக்கிறான். நாளைக் காலமை வேற ஆள் சாமானோட வருதாம். இண்டைக்கு நான் போய் ஓம் எண்டு சொல்லவேணும். இல்லையெண்டால் போச்சு."

"சொல்லன்."

"நீ சொன்னாப் போதுமோ? அத்தான் ஒரு சொல்லுச் சொல்லட்டும். நான் கையைக் குடுத்துப்போட்டு வந்தாப் பிறகு, அவர் 'ஆரைக் கேட்டு எடுத்தனீ' எண்டால் அந்தச் சீனன் என்னை உரிச்சுத் தொங்கவிடுவான். அங்கை இப்ப வீடு கிடைக்கிறது லேசான விஷயம் இல்லை, அக்கா. வேலை போன தோட்டத்துக் கிராணிமார் எல்லாரும் டவுனுக்குத்தான் வருகினம். ஸ்டேஷன் விறாந்தையிலை பெட்டி படுக்கையோட ஒரு குடும்பம் கிடக்கு. நாலு நாளா."

அவள் அடுப்பை ஊதினாள். ஈர விறகு புகைந்தது.

"உங்கட கந்தோரிலை ஆரை நிப்பாட்டினவையாம்?"

"செல்லப்பனை எண்டு சொல்லுறார்."

"சொல்லுறார். நீ பார்த்தனியோ?"

"நான் எங்கை போய்ப் பாக்கிறது? குசினியும் கிணத்தடியும்தான் நான் பாக்கிறது."

சோமசேகரம் குடையோடு வந்தார். மச்சானைக் கண்டு ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு "வாரும் வாரும்" என்று குரலைப் பெரிதாக்கினார். அலமாரியில் கடைசியாக இருந்த சாடின் டின்னைச் செல்லப்பாக்கியம் தம்பிக்காகத் திறந்தாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினாள். சாப்பிடும்போது ஏரம்பமூர்த்தி வீட்டுப் பேச்சை எடுத்தான்.

"எங்களுக்கு என்னத்துக்கு இன்னொரு வீடு? துரை தந்த வீடு இருக்கு" என்றார் சோமசேகரம்.

"விலை இன்னும் இறங்குமாம், அத்தான்."

"இறங்கினது ஏறும். துரை எனக்குச் சொன்னவர்." செருமினார். மறுபடி செருமினார். "விலை ஏறின உடனை என்னைக் கேக்காமல் அவருக்கு ஒண்டும் ஓடாது."

"அப்ப இல்லையெண்டு சொல்லிவிடட்டோ?"

"அவசரப்படாதையும். நீர் ஆட்டம் பாக்கேல்லையே? இண்டைக்கு இரும், ஒரு கை குறையுது."

செல்லப்பாக்கியம் மீன் எலும்பை வழித்தெடுத்தாள். கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு மனிதர் எவ்வளவு சோறு சாப்பிட முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்காரன் விறாந்தையோரம் மாட்டை அவிழ்க்காமலே நிறுத்தியிருந்தான். நாலு மணிக்குக் கிளம்பினால்தான் சேற்றுக்குள் உருண்டு போய் ரயிலைப் பிடிக்கலாம்.

டிரசர் வந்தார். கங்காணி வந்து, காலைக் கழுவி, வேட்டியைப் பிழிந்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நாலு பேருக்கும் சம அளவில் சில்லு பிரித்தார்கள். மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் எல்லாரும் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. செல்லப்பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகாமல், கதவுநிலையில் சாய்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். தம்பிக்கு அவர் சொல்லும் ஒரு சொல் தன் காதிலும் விழ வேண்டும் என்று நினைத்தாள்.

"சில்லைக் கேக்கிற முறை ஒண்டு இருக்கு" என்று சோமசேகரம் மச்சானுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். முழுதும் சொல்லி முடிக்கு முன்னேயே ஏரம்பமூர்த்தி அவசரப்பட்டான்.

"சரி சரி. அத்தான், உங்கட கணக்கு எவ்வளவு?"

டிரசர் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டுச் சீட்டால் வாயை மூடினார். கங்காணி குனிந்து தன் சில்லுகளைப் பார்த்தான்.

சோமசேகரத்தின் முகம் சிவந்தது. "கணக்கெண்டு கேக்கப்படாது எண்டு இப்பத்தானே சொன்னனான்! கணக்கு ஆர் கேக்கிறது? துரை கேக்கிறது! நீர் என்னட்டைக் கணக்குக் கேக்கிறீரோ?"

"சொல் மாறிப் போச்சு, அத்தான்."

"சொல்லிலைதான் எல்லாம் இருக்கு!"

"விடுங்க பெரிய கிராணியாரே" என்றார் டிரசர். பெரிய கிராணியாரே என்பதை அவர் வாயில் வைத்துக் கொஞ்சம் சப்பிச் சொன்னது போலிருந்தது. "புதுசா வந்தவரு. உங்க அந்தஸ்து அவருக்குத் தெரியாதுல்ல. ஓய் கங்காணி, போடும் சீட்ட."

ஆட்டம் ஓடியது. செல்லப்பாக்கியம் சீட்டைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சீட்டு தெரியாது. மரியாதை மட்டும்தான் தெரியும், அது இரண்டு வருஷமாகப் புட்டோடு சேர்த்து ஊட்டப்பட்டது. அதனால் அதைப் பார்த்தாள்.

"வீரமுத்து, முன்னால எவ்வளவு?" டிரசர் கேட்டார்.

கங்காணி இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்தான். "வெள்ள ஆறு, செவப்பு ரெண்டுங்க."

"ஏத்துறேன்."

"டிரசரய்யா, உங்க முன்னால?"

"அலமாக், அடடா, பாரும் பாரும், ஒளிவு மறைவு இல்ல. நீலம் ஒண்ணு, செவப்பு அஞ்சு."

"தம்பியய்யா, முன்னால எவ்வளவுங்க?"

"மூண்டு வெள்ளை. அவ்வளவுதான். நான் அவுட்" என்று ஏரம்பமூர்த்தி சீட்டைப் போட்டான்.

சோமசேகரத்தின் முறை வந்தது. அவர் சில்லுகளை முழங்கையால் வளைத்து வைத்திருந்தார். மறைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் இரண்டு சிவப்பை நகர்த்தினார். டிரசர் அந்தப் பக்கம் பார்க்காமலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தன் சில்லைத் தள்ளினார். ஆட்டத்தை ஜெயித்தார். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

செல்லப்பாக்கியத்தின் கையில் சுளகு நின்றது.

அவரிடம் யாரும் கேட்கவில்லை. தன் தம்பி தப்பாகக் கேட்டான், அவ்வளவுதான். நேற்று? முந்தாநாள்? நினைத்துப் பார்த்தாள். போன மாதமெல்லாம் மேசையைச் சுற்றி முதலில் கேட்ட குரல், "பெரிய கிராணியார் முன்னால எவ்வளவு?" என்பதுதான். அப்போது அவர் கோட்டுக் கையைச் சற்று இழுத்துவிட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்வதுபோல் சொல்லுவார். இந்த மழைக்குள் அந்தக் குரலை அவள் கேட்கவே இல்லை. எனாமல் குவளையில் தேத்தண்ணி குடிக்கிறவனிடம் கேட்கிறார்கள். அவரைத் தாண்டிப் போகிறார்கள்.

"சின்னக் கிராணியையும் கூப்பிட்டிருந்தா அஞ்சு கையாகியிருக்கும்" என்று டிரசர் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா செல்லப்பனுக்கு எங்க நேரம்? கந்தோர்ல தலைக்கு மேல வேலை. என்ன பெரிய கிராணியாரே?"

சோமசேகரம் தன் சீட்டுகளை மிகவும் கவனமாக அடுக்கினார்.

"மழையிலை போய்ப் போய் வாறார்" என்றாள் செல்லப்பாக்கியம், கதவிலிருந்தே. மேசையில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "கந்தோர்க் கூரையும் ஒழுகுதாமே. காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது?"

அவள் அதை டிரசரிடம் சொன்னாள். பதில் கங்காணியிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு நிம்மதியான செய்தி ஒன்று தன்னிடம் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்.

"ஐயாவுக்கு ஒண்ணும் வராதுங்கம்மா. புகைக்கொட்டாயில நல்லாக் கணப்புப் போட்டு வச்சிருக்கேன். பழைய ஷீட்டுக்குப் போடுற தீதான். பக்கத்துல பலகை போட்டு, சாக்கு விரிச்சு... ஐயா சௌகரியமா இருக்கட்டும்னு..."

அவன் நிறுத்தினான். ஆனால் பிந்தித்தான் நிறுத்தினான். டிரசர் கூரையைப் பார்த்து மெதுவாக விசிலடித்தார். சோமசேகரம் கங்காணியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முழங்கையைச் சில்லுகளின் மேல் இன்னும் இறுக்கினார்.

கோட்டின் புகை. நாற்காலி. வேறொன்றும் பேசாமல் தினமும் "நல்லாருக்குங்கம்மா" என்ற வாய். இவனை மேசையில் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாளே, அதற்கான விடை. அலமாரியிலிருந்து இறங்கிப்போன டின்கள் ஏன், வாயை மூடும் கூலிபோல, டிரசரின் பைக்கே போயின என்பதும் இப்போது விளங்கியது. மூன்று பேர் தெரிந்து வைத்திருந்த விஷயத்தின் மேல் அவள் தினமும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேரா? லயம் முழுக்கத் தெரிந்திருக்கும். ராசம்மாவுக்குத் தெரியும். வெளியே நனைகிற மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு காலை நேரம் கண்ணுக்கு முன்னால் வந்தது: பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு, குடை, செருமல், பிறகு புகைக்கொட்டாயில் சாக்கின் மேல் மத்தியானம்வரை. தொங்குகிற ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு. அவற்றிடமாவது மரியாதை பற்றிப் பேசியிருப்பாரோ என்று தோன்றியது. அவ்வளவு அற்பமாக இருந்தது எல்லாம்.

"அக்கா" என்றான் ஏரம்பமூர்த்தி, மெல்ல. "வண்டிக்காரன் கூப்பிடுறான். நான் தவுக்கேயிட்டை என்ன சொல்ல?"

"இரு."

அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு மேசையடிக்கு வந்தாள். கங்காணி அடித்துப் பிடித்து எழுந்தான். "உக்காருங்கம்மா." அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். துடைக்கவில்லை. அவன் வேட்டி ஈரம் சேலையில் ஏறியது. தகரப் பெட்டிக்குள் கையை விட்டு, வந்தவரை ஒரு பிடி சில்லை அள்ளித் தன் முன்னால் போட்டாள்.

"நானும் ஆட்டத்திலை."

"பாக்கியம், உள்ளுக்குப் போம். இது ஆம்பிளையள் இருக்கிற இடம்."

"உங்கட சட்டத்திலை அப்பிடி ஒண்டு நான் கேள்விப்படேல்லை. ரெண்டு வருஷமாச் சொன்னியள். எல்லாம் பாடம்."

"அம்மா சொல்றது நியாயம்" என்றார் டிரசர், காலை நீட்டிக்கொண்டு. வேடிக்கை பார்க்கத் தயாரானார். "சட்டத்துல பொம்பளை ஆடக் கூடாதுன்னு இல்ல. நானும் கேட்டிருக்கேன்."

அவள் டிரசர் பக்கம் திரும்பினாள். "ஏழு டின் கொண்டு போயிருக்கிறியள். தின்னுங்கோ. ஆனா என்ர வீட்டிலை இருந்துகொண்டு சிரிக்கப்படாது."

டிரசர் காலை மடக்கிக்கொண்டார்.

"இப்ப ஆற்ற முறை?"

சுவரோரம் நின்ற கங்காணிதான் சொன்னான். "ஒங்க மொறைதாங்கம்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். மீசையின் நரையில் இன்னும் புகைச் சாம்பல் ஒரு துகள் ஒட்டியிருந்தது. எப்படி இதைத் தினமும் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தாள். பிறகு, கேட்கிறவர்கள் கேட்க வேண்டிய முறையில், விரலை நீட்டாமல், கணக்கு என்ற சொல்லைச் சொல்லாமல் கேட்டாள்.

"முன்னால எவ்வளவு?"

மழை இரைந்தது. கடைசியில் முழங்கையை எடுத்தார். அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

"வெள்ளை நாலு."

"சில்லை நான் கேக்கேல்லை."

"பாக்கியம்..."

"கேட்டவைக்கு உள்ளதைச் சொல்லவேணும். பொய் சொல்லப்படாது. ஆற்ற சட்டம்? தம்பி போய் ஒரு ஆளிட்டை ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லவேணும். நாளைக்கு எங்கட பாய் தலையணை ஸ்டேஷன் விறாந்தையிலையோ, சிமெந்துத் தரையிலையோ எண்டு எனக்குத் தெரியவேணும். உங்கட வாயாலை சொல்லுங்கோ. கங்காணி வாயாலை நான் கேட்டது போதும்."

வெளியே வண்டிக்காரன் மறுபடி கூப்பிட்டான். ஏரம்பமூர்த்தி குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். போகவில்லை. செல்லப்பாக்கியமும் அவசரப்படவில்லை.

சோமசேகரம் கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கழற்றினார். கழுத்து அங்கே மெலிந்து, தோல் மடிந்து தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

இன்னொரு செருமலுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

"வேலை போய் ஒன்பது நாள்" என்றார்.